வயதுக்கென்று தனி இரத்தம் இல்லை

மன்னாரில் நான் ஆய்வுகூட வேலை பழகிய நாட்களில், விரலில் ஊசி குத்துவது என்றால் அது மலேரியாவுக்குத்தான். காய்ச்சல் என்று வந்தவரிடம் வேறெதுவும் கேட்குமுன் விரலை நீட்டச் சொல்வோம். சனத்துக்கும் பழகிப்போய்விட்டது. பேசாலையிலும் வங்காலையிலும் கிளினிக் வாகனத்தைக் கண்டதும் பிள்ளைகள் முதல் கிழவிகள் வரை விரலைத் துடைத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். ஒரு சிலைட்டில் தடிப்பாக ஒரு துளி, பக்கத்தில் மெல்லியதாக இழுத்த ஒரு படலம். கீம்சாச் சாயம் போட்டுக் காயவிட்டு நுணுக்குக்காட்டியில் வைத்தால் ஒட்டுண்ணி இருக்கும், அல்லது இருக்காது. இருந்தால் அது வைவாக்ஸா ஃபல்சிபாரமா என்று எழுதவேண்டும். அதோடு எங்கள் வேலை முடிந்தது.

ஆனால் ஒட்டுண்ணியைத் தேடும் கண் சிவப்பணுக்களைப் பார்க்காமல் இருக்க முடியாது. நல்ல சிவப்பணு நடுவில் மூன்றிலொரு பங்கு மட்டும் வெளிறி, சுற்றிவர நன்றாகச் சாயம் பிடித்திருக்கும். முதியவர்களின் படலங்களில் அந்த வெளிறல் அகன்று, அணு வெறும் வளையமாக நிற்பதை அடிக்கடி காண்போம். அதை எழுதப் பதிவேட்டில் இடமில்லை. மூத்தவர்களிடம் கேட்டால், "மலேரியா ஊர்தானே, கிழடுகளுக்கு இரத்தம் எங்கை இருக்கப்போகுது?" என்பார்கள்.

அந்தப் பதிலில் பாதி உண்மை இருந்தது. ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் புகுந்து பெருகி, அதை உடைத்துக்கொண்டுதான் வெளியே வரும். திரும்பத் திரும்பக் காய்ச்சல் கண்டவரின் மண்ணீரல் வீங்கி, நல்ல அணுக்களையும் சேர்த்து அழிக்கத் தொடங்கிவிடும். 1999-ல் மட்டும் நாட்டில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட மலேரியா நோயாளிகள் பதிவானார்கள். பெரும்பங்கு யுத்தம் நடந்த வடக்கு கிழக்கில்தான். இடம்பெயர்ந்து மடுக்காட்டில் கிடந்த சனத்துக்கு நுளம்பும் பட்டினியும் சேர்ந்தே வந்தன.

இரண்டும் சேர்ந்து வருவது இந்த நாட்டுக்குப் பழைய கதை. 1934–35-ல் தெற்கே பரவிய கொள்ளை மலேரியா ஏறக்குறைய 80,000 பேரைக் கொண்டுபோனது. அப்போது கிராமங்களுக்குப் போன, சூரியமல் என்ற இடதுசாரி இயக்கத்து இளைஞர்கள், குயினைன் மட்டும் கொடுத்துப் பயனில்லை, சனம் சாப்பாடில்லாமல் கிடக்கிறது என்று கண்டார்கள். மார்மைட்டை உருண்டைகளாகப் பிடித்து மருந்தோடு கொடுத்தார்கள். இன்றும் நம் வீடுகளில் பாணுக்குப் பூசுகிற அதே மார்மைட்தான். அதற்குச் சற்று முன்னர்தான், லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் வைத்தியர், பம்பாய்ப் பக்கத்து ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வருகிற ஒருவகைக் குருதிச்சோகை மார்மைட்டால் குணமாவதைக் கண்டு 1931-ல் எழுதியிருந்தார். அதிலிருந்த மருந்துச் சத்து ஃபோலிக் அமிலம் என்பது பின்னால் தெரியவந்தது. இரத்தத்தின் நிறத்தைச் சாப்பாட்டுக் கோப்பையில் தேடவேண்டும் என்பது ஆய்வுகூடக்காரருக்கு அன்றே தெரிந்த சங்கதி. நாங்கள்தான் நுளம்பின் மேல் எல்லாவற்றையும் போட்டுவிட்டு இருந்தோம்.

2012 ஒக்டோபரோடு உள்ளூர் மலேரியா நின்றது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. எங்களுக்கு நல்ல பெயர் கிடைத்தது. ஆனால் முதியவர்களின் படலங்களில் அந்த வெளிறிய வளையங்கள் அப்படியே இருந்தன. பழி சுமந்தவன் ஊரைவிட்டே போய்விட்டான், களவு மட்டும் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த பதில் இன்னும் சுருக்கமானது: "வயசுதானே." எழுபது வயது ஆச்சிக்கு ஈமோகுளோபின் ஒன்பது என்று நான் அனுப்பிய ரிப்போர்ட்டின் ஓரத்தில் 'வயதுக்குப் போதுமானது' என்று ஒரு வைத்தியர் எழுதியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர் எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமில்லை, அப்படி எழுதுகிறவர் அவர் ஒருவரல்ல. நூறு மில்லிலீற்றர் இரத்தத்தில் ஆணுக்கு 13 கிராம், பெண்ணுக்கு 12 கிராம். அதற்குக் கீழே போனால் குருதிச்சோகை. உலக சுகாதார நிறுவனத்தின் இந்த அளவில் கர்ப்பிணிக்குத் தனி வரி உண்டு, பிள்ளைகளுக்குத் தனி வரி உண்டு. எழுபது வயதுக்கென்று தனி வரி கிடையாது.

வயது போகப்போக இது கூடுகிறது என்பது உண்மை. 2004-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 65 கடந்தவர்களில் பத்துக்கு ஒருவருக்கும், 85 கடந்தவர்களில் ஐந்துக்கு ஒருவருக்கு மேலும் குருதிச்சோகை இருந்தது. காரணத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். மூன்றிலொரு பங்குக்கு இரும்பு, பி12, ஃபோலேற்று ஆகிய சத்துகளில் ஒன்றோ பலவோ குறைவு. இன்னொரு பங்குக்கு நாட்பட்ட அழற்சியோ சிறுநீரக நோயோ. மிச்சத்துக்குக் காரணம் பிடிபடவில்லை. ஆக மூன்றில் இருவருக்குப் பேர் சொல்லக்கூடிய காரணம் இருந்திருக்கிறது. அதுவும் இறைச்சியும் முட்டையும் தட்டில் குறையாத நாட்டில்.

இப்போது ஆய்வுகூடத்தில் எல்லாவற்றையும் இயந்திரம் சொல்லிவிடுகிறது. சிவப்பணுவின் சராசரிக் கனவளவு 80-க்குக் கீழே என்றால் இரும்புக் குறைவை நினைக்கலாம், 100-க்கு மேலே என்றால் பி12-ஐயோ ஃபோலேற்றையோ நினைக்கலாம். இளம் வைத்தியர்கள் அந்த ஒரு எண்ணைப் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பிவிடுவார்கள். முதியவர்களிடம்தான் அந்த எண் ஏமாற்றும். சாப்பாடே குறைந்த ஒருவருக்கு ஒரு சத்து மட்டும் குறைவதில்லை. இரும்பு குறைந்ததால் ஒரு கூட்டம் அணுக்கள் சிறுத்திருக்கும், பி12 குறைந்ததால் இன்னொரு கூட்டம் பெருத்து முட்டை வடிவில் இருக்கும். இயந்திரம் இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்து 88 என்று சொல்லும். தாளில் எல்லாம் ஒழுங்கு. ஒரு படலம் இழுத்து, லீஷ்மன் சாயம் போட்டுப் பார்த்தால் இரண்டு கூட்டமும் அருகருகே தெரியும். ஐந்துக்கு மேல் கதுப்புகள் பிரிந்த கருவோடு ஒரு வெள்ளணு பக்கத்தில் கிடந்தால் பி12 அல்லது ஃபோலேற்றுச் சங்கதி கிட்டத்தட்ட முடிவான மாதிரித்தான். என்னோடு வேலை செய்தவர்கள் என்னைப் பழைய காலத்து ஆள் என்று பகிடி பண்ணினாலும், முதியவர் என்றால் சிலைட் போடாமல் நான் ரிப்போர்ட் விட்டதில்லை. தலசீமியாவைப் பரம்பரையாகக் காவுகிறவருக்கும் அணு சிறுத்தே இருக்கும். அவருக்கு இரும்புக் குளிசை வருடக்கணக்காகக் கொடுத்தும் ஒன்றும் நடக்காது. அதையும் படலம்தான் முதலில் கோடி காட்டும்.

ஆய்வுகூடத்தில் இருப்பவன் ஆளைக் காண்பதில்லை, இலக்கம் ஒட்டிய குப்பியைத்தான் காண்பான். கடற்கரைக் கிராமங்களில் நடந்த நடமாடும் கிளினிக்குகளுக்குப் போனபடியால் எனக்கு ஆட்களையும் காணக் கிடைத்தது. பேசாலைப் பக்கம் ஒரு வீடு. மகன் கடலுக்குப் போகிறவர், மருமகள் கருவாடு போடுகிறவர். முற்றத்தில் பாரையும் கட்டாவும் கீறி உப்பில் கிடக்கின்றன. திண்ணையில் இருக்கிற ஆச்சிக்கு ஈமோகுளோபின் எட்டுக்குக் கீழே.

"காலைமை என்ன சாப்பிட்டனீங்கள், ஆச்சி?"

"பிளேன்ரீ தான் தம்பி. ஒரு துண்டு பாண் தோய்ச்சுத் திண்டனான்."

"மத்தியானம்?"

"சோறும் சொதியும்."

"மீன் இல்லையோ?"

"அது சின்னனுகள் தின்னட்டும். எனக்குப் பல்லுமில்லை, முள்ளெடுக்கக் கண்ணும் தெரியாது."

"இரவைக்கு?"

"பின்னேரத் தேத்தண்ணியோட சரி."

ஆச்சி பொய் சொல்லவில்லை, யாரும் அவவைப் பட்டினி போடவும் இல்லை. பல் போனது, கண்ணில் படலம் விழுந்தது, மீன் முள் தொண்டையில் குத்துமோ என்ற பயம், பேரப்பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்கிற குணம். இவ்வளவும் சேர்ந்து கடற்கரை வீட்டிலேயே அவவை மீனில்லாமல் ஆக்கிவிட்டன. அதோடு தேநீர். தேயிலையின் துவர்ப்புச் சத்து, சோறு, பாண், கீரை, பயறு இவற்றில் இருக்கிற இரும்பைக் குடலிலேயே பிடித்துக் கட்டிப்போடும். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி வேண்டும். பாணைத் தேநீரில் தோய்த்துத் தின்பவரிடம் இடைவெளியைப் பற்றி என்ன பேசுவது?

அயலில் கேட்டுப் பார்த்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு விலக்குப் பட்டியல் இருக்கும். நண்டும் இறாலும் கிரந்தி. முட்டை கொழுப்பு. பயறும் பருப்பும் வாய்வு. ஈரல் என்றால் முகத்தைச் சுளிப்பார்கள். சீனி வருத்தம் வந்தவர் சோற்றையும் பழத்தையும் தாமாகவே வெட்டிவிட்டு, பிஸ்கட்டும் பிளேன்ரீயுமாகக் காலம் தள்ளுவார். கிளினிக்கில் உடம்பு குறைந்திருப்பதைக் கண்டு "நல்லது, மெலிஞ்சிட்டீங்கள்" என்று பாராட்டி அனுப்புவார்கள். எழுபது வயதில் கேட்காமல் உடம்பு மெலிவது பாராட்டக்கூடிய விஷயமே அல்ல. கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தைச் சுற்றி அளவுநாடா வைத்துப் பாருங்கள். 31 சென்ரிமீற்றருக்குக் கீழே என்றால் தசை கரைகிறது, சாப்பாடு போதவில்லை என்று சந்தேகப்படலாம். கூனிப்போன முதியவரை நிமிர்த்தி உயரம் எடுக்கிற சிரமமும் இதில் இல்லை.

முசலிப் பக்கம் இன்னொரு வகைத் தனிமை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது புத்தளத்துக்குப் போன குடும்பங்கள் பல, யுத்தம் முடிந்து காணிக்குத் திரும்பின. திரும்பியது பாதிக் குடும்பம்தான். பிள்ளைகளின் படிப்பும் தொழிலும் புத்தளத்தில். காணியைப் பிடித்துக்கொண்டு புதிதாகக் கட்டிய வீட்டில் இருப்பது வயதான உம்மாவோ வாப்பாவோதான். ஓர் ஆளுக்கென்று யார் அடுப்பு மூட்டுவது? காலையில் ஆக்கிய சோறு இரவு வரை வரும், கறி வராது. மாதம் ஒருமுறை மகன் வரும்போது வீட்டில் ஆணம் மணக்கும்.

2022-ன் பொருளாதார நெருக்கடியையும் சொல்லாமல் விட முடியாது. அந்த வருடம் செப்டெம்பரில் உணவுப் பொருட்களின் விலையேற்றம் 94.9 சதவீதம். அதற்கு முந்திய மாதம் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாயானது. எங்கள் கரையில் படகு இயந்திரங்கள் ஓடுவதே மண்ணெண்ணெயில். படகு கடலுக்குப் போகாவிட்டால், விற்றது போக மிஞ்சுகிற சூடையும் கீரியும் வீட்டுக்கு வராது. கிழவிகளின் தட்டுக்கு வந்துகொண்டிருந்தது அந்த மிச்சம்தான்.

மீன் தின்கிறவருக்கும் பி12 குறையலாம் என்பதை இங்கே பலர் நம்புவதில்லை. ஒரு பிடி சூடை மீனில் அந்தச் சத்து தாராளம். ஆனால் அதை மீனிலிருந்து பிரித்தெடுக்க வயிற்றில் அமிலம் வேண்டும், பிறகு உறிஞ்ச வயிறு சுரக்கிற ஒரு புரதம் துணைக்கு வேண்டும். வயதோடு பலருக்கு அமிலம் வற்றிப்போகிறது. அதற்கு மேல் நெஞ்செரிவுக்கு ஒமிப்ரசோல், சீனி வருத்தத்துக்கு மெற்போமின் என்று வருடக்கணக்காக விழுங்கினால் இரண்டுமே பி12-ஐக் குறைக்கும். ஈரலில் சில வருடத்துக்குக் காணும் சேமிப்பு இருப்பதால் குறைவு மெல்ல மெல்லத்தான் வெளியே தெரியும். கால் விறைப்பு, நடை தள்ளாட்டம், மறதி என்று வருகிறபோது "அதுவும் வயசுதான்" என்பார்கள். மாதம் ஓர் ஊசியோடு போகக்கூடிய வருத்தம், காலம் தாழ்த்தினால் நரம்பில் நின்றுவிடும்.

இன்னொன்று கொஞ்சம் சிக்கலானது. உடம்பில் ஆறாத புண்ணோ, காசமோ, மூட்டு அழற்சியோ இருந்தால் ஈரல் ஹெப்சிடின் என்ற ஒரு பொருளை அதிகமாகச் சுரக்கும். அது குடலில் இரும்பை உள்ளே விடாது, சேமிப்பில் இருக்கிற இரும்பையும் வெளியே விடாது. கிருமிக்கு இரும்பு கிடைக்கக் கூடாது என்பதற்காக உடம்பு செய்கிற தற்காப்பு அது. நாட்பட்டால் அதுவே நோய். அதே அழற்சி பசியையும் கொன்றுவிடும், தசையையும் கரைக்கும். இரத்தம் குறைந்த ஆளுக்கு எழும்பி நின்று சமைக்கத் தெம்பிருக்காது. சமைக்காத ஆளுக்கு இரத்தம் ஊறாது. சத்துக்குறைவும் குருதிச்சோகையும் இப்படித்தான் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகின்றன. எது முதலில் வந்தது என்று தேடுகிற வேளையில் ஆள் படுக்கையில் விழுந்துவிடுவார்.

இவ்வளவு சாப்பாட்டுக் கதை சொல்லிவிட்டு ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். முதியவருக்கு இரும்பு குறைந்தால் சாப்பாட்டை மட்டும் பழி சொல்லிவிட்டு இருக்கக் கூடாது. குடலில் எங்காவது இரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். கருவாட்டு வாடியிலும் மீன் சந்தையிலும் காலமெல்லாம் நின்று வேலை செய்த பெண்களுக்கு முழங்கால் நோ போகாத நாளில்லை. டைக்குளோபெனாக் குளிசையைத் தாமே கடையில் வாங்கிப் போடுவார்கள், அது இரைப்பையை அரித்துவிடும். இருதய வருத்தத்துக்கு அஸ்பிரினும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். சிலருக்குக் குடலில் புற்றுநோய் இருப்பதை முதலில் காட்டிக்கொடுப்பதே இந்த வெளிறல்தான். குழாய் விட்டுப் பார்க்கத் தூரத்து ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தால் பாதிப் பேர் போவதில்லை. கூட்டிப் போக ஆளில்லை, பஸ்ஸில் இருக்கத் தெம்பில்லை. துண்டு தலையணைக்குக் கீழே கிடக்கும்.

இரும்பு எவ்வளவு வேண்டும் என்று ஒரு கணக்கு. நாற்பத்தைந்து கிலோ நிறையுள்ள ஆச்சிக்கு உடம்பில் சுமார் மூன்று லீற்றர் இரத்தம். ஈமோகுளோபின் எட்டிலிருந்து பன்னிரண்டுக்கு வர 120 கிராம் ஈமோகுளோபின் புதிதாக வேண்டும். ஒரு கிராமில் மூன்றரை மில்லிகிராம் அளவு இரும்பு; ஆக நானூறு மில்லிகிராமுக்கு மேல். சாதாரணச் சாப்பாட்டிலிருந்து குடல் ஒரு நாளைக்கு உறிஞ்சுவது ஒன்று இரண்டு மில்லிகிராம், அதில் பெரும்பகுதி அன்றாட இழப்புக்கே போய்விடும். குறைவு இருக்கும்போது குடல் கூடுதலாக உறிஞ்சும் என்றாலும் பல மாதம் பிடிக்கும். "முருங்கையிலை சாப்பிடுங்கோ, சரியாயிடும்" என்று சொல்லி அனுப்புவது இந்தக் கணக்குத் தெரியாத பேச்சு. கீரை வேண்டும், தேசிக்காய்ப் புளியோடு வேண்டும். ஆனால் விழுந்தவரை எழுப்ப மருந்தும் வேண்டும்.

அந்த மருந்தைத்தான் முதியவர்கள் நாலாம் நாள் நிறுத்திவிடுகிறார்கள். மலம் கறுக்கும், இறுகும், வயிறு பிரட்டும். இஸ்ரேலில் எண்பது கடந்தவர்களிடம் செய்து 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், நாளுக்கு 15 மில்லிகிராம் இரும்பு கொடுத்தவர்களுக்கும் 150 மில்லிகிராம் கொடுத்தவர்களுக்கும் ஈமோகுளோபின் ஒரேயளவுதான் ஏறியது. குறைந்த அளவு எடுத்தவர்களுக்கு வயிற்றுத் தொல்லையும் குறைவு. வழக்கமாகக் கொடுக்கிற 200 மில்லிகிராம் ஃபெரஸ் சல்பேற்றுக் குளிசையில் இரும்பு மட்டும் 65 மில்லிகிராம். "மூன்று நேரமும் போடுங்கோ" என்று எழுதுவதைவிட, "ஒருநாள் விட்டு ஒருநாள் ஒன்று போடுங்கோ, ஆனால் நிறுத்தாதீங்கோ" என்று வைத்தியர் சொன்னால் ஆச்சி கேட்பா.

சாப்பாட்டில் எனக்கு ஒரு பக்கச்சார்பு உண்டு, மறைக்கவில்லை. ஒடியற் கூழ். ஒடியல் மாவில் மீன் தலை, நண்டு, கணவாய், முருங்கையிலை, பயற்றங்காய், பலாக்கொட்டை, பழப்புளி எல்லாம் போட்டு அவித்த கூழுக்குப் பல் வேண்டியதில்லை. கடலுணவு கீரையின் இரும்பையும் சேர்த்து உறிஞ்ச வைக்கும், புளிப்பும் அதற்கு உதவும். முள்ளை வடித்துவிட்டால் கண் தெரியாதவரும் குடிக்கலாம். இன்று அதை வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வந்தால்தான் காய்ச்சுகிறார்கள். கிழமையில் ஒருநாள் கிழவிக்காகக் காய்ச்சுகிற வீட்டை நான் விரல்விட்டு எண்ணலாம்.

இந்த நாட்டில் கர்ப்பிணிக்கு இரும்புக் குளிசையும் திரிபோஷச் சத்துமாவும் கிடைக்கின்றன, குழந்தையின் நிறையைக் குடும்ப நல மாது மாதாமாதம் கோட்டில் குறிக்கிறா. தாய் சேய் நலத்தில் நாம் அடைந்ததெல்லாம் இந்த ஒழுங்கால்தான். முதியவருக்கு அப்படியொரு ஒழுங்கு இல்லை. சுகவாழ்வு நிலையத்துக்குப் போனால் சீனி, பிரஷர், கொழுப்பு பார்ப்பார்கள். கூடிய நிறைக்கு அறிவுரை சொல்வார்கள். குறைந்த நிறைக்குச் சொல்ல யாரிடமும் ஒன்றுமில்லை. 2012 குடிசன மதிப்பீட்டிலேயே நாட்டின் சனத்தொகையில் 12.4 சதவீதம் அறுபது கடந்தவர்கள். அந்தப் பங்கு அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் எழுபது கடந்த ஒருவர் இருப்பார். படியேற இளைக்கிறது, கண் மடல் வெளிறிப்போச்சு என்றால் முழு இரத்தப் பரிசோதனை செய்வியுங்கள். சிலைட் போட்டுப் பார்க்கவும் கேளுங்கள். மலம் கறுத்திருக்கிறதா, என்னென்ன குளிசை போடுகிறார், நேற்று முழுவதும் என்ன சாப்பிட்டார் என்று பக்கத்தில் இருந்து விசாரித்து எழுதிக்கொண்டு போங்கள். யாராவது "வயசுதானே" என்று தாளைத் திருப்பித் தந்தால் வாங்காதீர்கள். காரணம் என்னவென்று கேட்டு எழுதி வாங்குங்கள்.